போகிற போக்கில் ஒரு ஜெபம்

பழைய மரச்சாமான் வாங்கி விற்பது வாயால் நடக்கிற தொழில் என்று வெளியாட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய்க்கு அதில் பாதிப் பங்குகூடக் கிடையாது. முகம்தான் முதல்.

ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போகிறீர்கள். கூடத்தில் ஏழெட்டுச் சாமான்கள் கிடக்கின்றன. மூலையில் ஒரு தேக்கு பீரோ. பார்த்த மாத்திரத்தில் அது வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அந்த நொடியிலிருந்து அந்தப் பக்கம் கண் போகக் கூடாது. கால் ஆடும் நாற்காலி ஒன்றைத் தூக்க வேண்டும், தட்ட வேண்டும், கவிழ்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும். அதற்காகத் தொண்டை வறளப் பேசவேண்டும். பிறகு கட்டில், மேசை, கண்ணாடி உடைந்த சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு, ஒன்றும் ஒத்துவரவில்லை என்று கையை உதறிவிட்டு வாசலுக்கு நடக்க வேண்டும். ஒரு கால் தெருவில் விழுந்த பிறகு திரும்பி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "ஆமா, அந்த மூலையில ஒண்ணு கிடக்குதே, அதை என்ன பண்ணப் போறீங்க?" என்று போகிற போக்கில் கேட்க வேண்டும். ஆசை முகத்தில் தெரிந்தால் விலை ஏறும். இது கடைத்தெருவில் பிறந்த குழந்தைக்கு நடை பழகுமுன்பே தெரிந்துவிடுகிற விஷயம்.

இந்த வித்தையில் எங்கள் கடைத்தெருவில் ஒருவரை மிஞ்ச ஆள் இல்லை. கல்மூஞ்சி என்றுதான் அவருக்குப் பெயர். நேரில் "முதலாளி" என்பார்கள், அவர் முதுகைத் திருப்பியதும் கல்மூஞ்சி. ஒரு தடவை அவர் கடைக்கு ஒருவர் மேசை விற்க வந்திருந்தபோது அடுத்த சந்தில் தீப்பிடித்து, புகை உள்ளே வந்துவிட்டதாம். எல்லோரும் ஓடுகிறார்கள். இவர் மேசைக்காரரைப் பார்த்து, "புகை நாத்தம் ஏறிட்டா மரம் போச்சு, பார்த்துச் சொல்லுங்க" என்று இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாராம். நடந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்ட யாரும் "சேச்சே, அவரா அப்படி?" என்று சொன்னதில்லை.

மனிதர் தெய்வபக்தி உள்ளவர். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவார். மாலையில் கடையடைத்ததும் மாடி வீட்டில் குடும்ப ஜெபம். குடும்பம் என்றால் அவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. மைத்துனன் கடையில் பாலிஷ் போடுகிறவன். தலை நரைக்கத் தொடங்கியும் கல்யாணமாகாதவன். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே அழிந்துபோனது என்பான்.

கடவுளோடு பேரம் பேசுகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. இதைச் செய்து தாரும், நான் அதைச் செய்கிறேன் என்பார்கள். கல்மூஞ்சி அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். "எடுத்த எடுப்பிலேயே வேணும்கிறதைக் கொட்டிடறாங்க. இவங்க எப்படி வாழ்க்கையில முன்னேறுவாங்க?" என்பார். அவர் ஜெபம் வேறு ரகம். முழங்காற்படியிட்டு, தொண்டையைச் செருமி, நல்ல சபைத் தமிழில் ஆரம்பிப்பார். "கர்த்தாவே, தேசங்களுக்குச் சமாதானம் அருளும். காலத்தில் மழையைத் தாரும். எங்கள் போதகரின் முழங்கால் வலியை நீக்கும். ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது, அதையும் கண்ணோக்கும். என் மைத்துனனுக்கு ஏற்ற துணையைத் தந்தருளும்."

"அத்தான், என்னை விட்டுடுங்க. கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப் போயிருக்கும்" என்று மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டே முணுமுணுப்பான்.

"ஜெபத்துல பேசாதேடா" என்று அக்கா அவன் தொடையில் தட்டுவாள்.

அந்த அக்காவுக்குத்தான் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

முதலில் பட்டாணி அளவு. சேலைத் தலைப்புக்குள் மறைந்திருந்தது. பிறகு சால்வை தேவைப்பட்டது. பிறகு விழுங்கும்போது தலையைச் சற்றுச் சாய்க்க ஆரம்பித்தாள். மைத்துனன்தான் கவனித்துப் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். கட்டி மூச்சுக்குழாயை ஒட்டி வளர்கிறது, எடுத்துப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும், தள்ளிப்போட்டால் அது சும்மா இருக்காது. வியாழக்கிழமை காலையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன், வருவதானால் புதன் மாலைக்குள் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்தது எப்போது என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்து சால்வையை மடித்துவைத்துவிட்டு, "ஆபரேஷன் வேணாம். கர்த்தர் பார்த்துக்குவார்" என்றாள்.

சபையில் சேதி பரவியது. பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பெரிய விசுவாசம் என்று கண்ணைத் துடைத்தார்கள். அக்கா தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவினாள். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நிற்பதை மைத்துனன் பார்த்தான்.

கல்மூஞ்சியின் ஜெபத்தில் ஒரு வரி கூடியது. தேசங்கள், மழை, முழங்கால், கூரை, மைத்துனன் எல்லாம் முடிந்து, 'ஆமென்' நாக்கு நுனிக்கு வந்த பிறகு, எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இவள் கழுத்தையும் சற்று நினைவுகூரும்" என்பார். அவ்வளவுதான். எழுந்து விளக்குப் பக்கம் போய்விடுவார்.

புதன்கிழமை காலையில் கடையின் பின்கட்டில் மைத்துனன் ஒரு டிராயரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்ததில் கோபம் இருந்தது. மரத்தூள் அறையெல்லாம் பறந்தது.

"மச்சான், மெதுவா. அது நாற்பது பேர் கை பட்ட மரம், நீ ஒருத்தனே முடிச்சிடாதே" என்றார் கல்மூஞ்சி.

"அத்தான், இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம்."

"தெரியும்."

"அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னு சொன்னேன்."

மைத்துனன் உப்புத்தாளைக் கீழே போட்டான். "அது ஒரு வார்த்தையா? கரையான் தின்ன ஸ்டூலுக்கு அரை நாள் பேசுவீங்க. என் அக்காவுக்கு இவ்வளவுதான் வருதா உங்க வாயில?"

"எல்லாத்தையும் வாயால சொல்லணுமா?"

"சொல்லணும். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு உங்க மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுல ஒண்ணும் எழுதியிருக்காது."

கல்மூஞ்சி டிராயரை எடுத்து, அது சரியாக ஓடுகிறதா என்று உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார், மறுபடி தள்ளினார். பின்கட்டில் நின்றபடி அதையே வெகுநேரம் செய்துகொண்டிருந்தார்.

அவருக்கு முகம் முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. அதாவது கடைக்கு ஒரு முகம், கடவுளுக்கு ஒரு முகம் என்று இளவயதில் இரண்டு வைத்திருந்தார். கல்யாணமாகி வெகுநாள் கழித்து மனைவி உண்டானபோது கடவுளுக்கான முகத்தில் எதையும் மறைக்கவில்லை. பிள்ளை அவசரப்பட்டது. மாதம் நிறையாமல் வலி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நடைபாதையில், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, குப்புற விழுந்து கிடந்து, "என் பிள்ளையைக் கொடுத்திடும், என் பிள்ளையைக் கொடுத்திடும்" என்று கதறினார். ஒரு தாதி வந்து எழுப்பி உட்காரவைக்கும் வரை கதறினார். பிள்ளை ஒரு பகல் உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அதைப்பற்றிப் பேச்சும் இல்லை. வேறொருவராக இருந்தால் கோயில் பக்கமே போயிருக்க மாட்டார், அல்லது இது தேவ சித்தம் என்று தேற்றிக்கொண்டிருப்பார். இவர் வியாபாரி. வியாபாரி தோற்றால் எங்கே பிசகியது என்றுதான் யோசிப்பான். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஆசையை முழுசாகக் காட்டிவிட்டோம், அதனால்தான் கைக்கு வராமல் போயிற்று. அன்றிலிருந்து கடைக்கு வைத்திருந்த முகத்தையே கடவுளுக்கும் வைத்துக்கொண்டார். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தனக்கே இத்தனை தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை.

மதியம் கடந்து போதகர் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, ஜெப அறைக்கு ஒரு பெஞ்சு வேண்டும் என்றார். கல்மூஞ்சி மூன்று பெஞ்சுகளைக் காட்டினார். முதலாவதில் போதகர் உட்கார்ந்தார், எழுந்தார். இரண்டாவதில் உட்கார்ந்தார், எழுந்தார். மூன்றாவதில் உட்கார்ந்தவர் சாய்ந்து, கால்களை நீட்டி, கண்ணை மூடிவிட்டார்.

"அப்பாடா! என்ன சுகம்! முதலாளி, இதை விட்டுட்டு நான் இங்கேயிருந்து எழுந்திருக்க மாட்டேன். இதுதான் வேணும்."

கல்மூஞ்சிக்கு உடம்பே கூசிப்போயிற்று. "பாஸ்டர், மெதுவாப் பேசுங்க! இப்படியா சொல்லுவாங்க? மொத பெஞ்சுல உக்காரும்போதே 'பரவாயில்லை'ன்னு இழுக்கணும். இதைத் திரும்பியே பார்த்திருக்கக் கூடாது. இப்ப எப்படி விலை கேப்பீங்க? எந்த மூஞ்சியோட கேப்பீங்க?"

"எனக்கு இருக்கிறது ஒரே மூஞ்சிதானே?"

பின்கட்டில் மைத்துனன் இருமினான். இருமல் மாதிரி இல்லை அது.

"வேணும்கிறதை விக்கிறவன்கிட்ட சொல்லக் கூடாது பாஸ்டர். சொன்னா கழுத்தறுத்திடுவான்."

"விக்கிறவன்கிட்ட சொல்லலையே. உங்ககிட்டதானே சொல்றேன்" என்றார் போதகர், கண்ணைத் திறக்காமலே.

அவர் அதை ஒரு பொருட்டாகச் சொல்லவில்லை. பெஞ்சின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். கல்மூஞ்சிதான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரில் ஒரு மனிதர் தன் ஆசையை மேசைமேல் கொட்டிவிட்டு, அதை வைத்தே தன்னை மடக்குவார்களோ என்ற எண்ணமே இல்லாமல் கால் நீட்டிக் கிடக்கிறார். வியாபாரப்படி விலையை ஏற்ற வேண்டிய இடம். ஏற்றவேண்டிய விலை நாக்கில் இருந்தது. வெளியே வரவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. விலையை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

பின்கட்டில் ஏதோ தகர டப்பா விழுந்து உருண்டது.

போதகர் போகும்போது குரலைத் தாழ்த்தி, "அக்காவைப் போய்ப் பார்த்தேன். நாளைக்குப் போகச் சொல்லி எவ்வளவோ பேசினேன். விசுவாசம்னு சொல்றாங்க. விசுவாசம்னா நான் என்ன சொல்ல முடியும்? ஆனா எனக்கு என்னமோ, அது விசுவாசம் மாதிரி தெரியலை. ஓய்ஞ்சு போன மாதிரி தெரியுது" என்றார். பதிலுக்காகக் கொஞ்சம் நின்றார். கல்மூஞ்சி பெஞ்சை வண்டியில் கட்டும் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். கயிறு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அன்று சீக்கிரமே கடையடைத்தார். மாடியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜன்னலோரம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டிய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும். மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஜெபம் பண்ணிடலாமா?" என்றார்.

மூவரும் முழங்காற்படியிட்டார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"கர்த்தாவே, தேசங்களுக்குச் சமாதானம் அருளும். காலத்தில் மழையைத் தாரும். எங்கள் போதகரின்..."

அதோடு நிறுத்திவிட்டார்.

தெருவில் ஒரு வண்டி போய், அதன் சத்தமும் அடங்கியது. மைத்துனன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அத்தானின் தாடை ஆடிக்கொண்டிருந்தது. மெல்லுகிறார் போலும் என்று முதலில் நினைத்தான்.

"போதகரின்..." என்று மறுபடி ஆரம்பித்தார். முடியவில்லை. சபைத் தமிழ் அப்படியே கழன்று விழுந்துவிட்டது.

"எனக்கு இவ வேணும்" என்றார்.

மைத்துனன் மற்றக் கண்ணையும் திறந்தான்.

"மத்ததெல்லாம் சும்மா கேட்டேன், ஆண்டவரே. கூரை ஒழுகினா ஒழுகட்டும். பாஸ்டர் நொண்டிக்கட்டும். எனக்கு இவதான் வேணும். தினமும் இதைத்தான் கேக்க வந்தேன். கேக்காம எழுந்து போயிட்டேன். பதிலுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது. இருந்ததா சொன்னா அது பொய். அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். தரையில கிடந்து கேட்டேன். நீர் தரலை. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. அந்தக் கோபம் அப்படியே இருக்கு. இருக்கட்டும். இருந்தாலும் கேக்கறேன். வேற யாருகிட்ட போய்க் கேப்பேன்? இவ போயிட்டா நான்... இவ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடாது. எனக்கு இவ வேணும். அவ்வளவுதான். ஆமென்னு சொல்லத் தெரியலை."

நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இத்தனை வருஷமாகப் பழகாததால் அழுகை அவருக்குச் சரியாக வரவில்லை. இருமல்போலவும் விக்கல்போலவும் ஏதோ வந்தது.

அக்கா மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள். "இத்தனை நாளா இதை எங்கே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"உள்ளேதான்."

"ஏன் காட்டலை?"

"காட்டினா எடுத்துக்குவாரோன்னு பயம்."

"அவருக்குக் காட்டலை, சரி. எனக்கும் ஏங்க காட்டலை?"

ஒரே முகம் என்றால் அது எல்லாரிடமும் ஒரே முகம்தானே.

"நான் உங்ககூட எத்தனை வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றாள் அக்கா. "நீங்க எதைப் பார்க்கலையோ அதுதான் உங்களுக்கு வேணும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சாலும் என்ன? வாய்விட்டுக் கேக்கணும். தினமும் சாயங்காலம் மழை வேணும்னு கேட்டீங்க, கூரை வேணும்னு கேட்டீங்க. எழுந்திருக்கும்போது என் கழுத்து. யாரும் விலை கேக்காத சாமானுக்கு எதுக்குப் பாலிஷுன்னு நினைச்சிட்டேன்."

"அக்கா!" என்றான் மைத்துனன்.

"சும்மா இருடா. கர்த்தர் பார்த்துக்குவார்னு சொன்னேனே, அது விசுவாசம் இல்லை. அந்தப் பொம்பளைங்க எல்லாம் அழுதப்போ எனக்கு வெக்கமா இருந்தது. போதும்னு தோணிச்சு, அவ்வளவுதான். அதுக்கு அவர் பேரை வெச்சுட்டேன்."

கல்மூஞ்சி தலையை நிமிர்த்தினார். முகம் முழுக்க ஈரம், நெற்றியில் தரையின் தூசி. "அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதோன்னு..." என்று தொடங்கினார்.

"எதைச் சொல்றீங்க?"

"பிள்ளைக்காக. எல்லார் முன்னாடியும். அதனாலதான் போயிடுச்சோன்னு."

அக்கா அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த அறைக்குள் நுழைந்ததில்லையே என்பதுபோலப் பார்த்தாள்.

"உள்ளே படுத்திருந்தேன் நான். நீங்க கத்தினது எனக்குக் கேட்டது. பிள்ளையை என் பக்கத்துல போட்டிருந்தாங்க. அதுக்கும் கேட்டிருக்கும். ஒரு நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாள்ல அதுக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான். அப்பன் தனக்காகக் கத்தினான்கிறது. அதைப் போய்த் தப்புன்னு நினைச்சுக்கிட்டா இருந்தீங்க?"

அவர் அவள் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டார். அவள் பிடித்துக்கொள்ள விட்டாள்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு" என்றாள்.

மைத்துனன் எழுந்த வேகத்தில் முட்டி நாற்காலியில் இடித்தது. போனில் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை. அவன் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டான், அல்லது வைதான், இரண்டும் கலந்திருக்கலாம். கடைசியில் ஒரு பெண் குரல் எடுத்து, மூடப் போகிற நேரத்தில் கூப்பிடுகிறீர்களே என்று சலித்துக்கொண்டு, பெயர் பார்த்து, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள் என்றது.

"வராங்க. கண்டிப்பா வராங்க" என்று மைத்துனன் போனைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அந்தப் பெண் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தாள்.

வியாழக்கிழமை, ஆபரேஷன் அறைக்கு வெளியே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கல்மூஞ்சி அதில் ஒன்றில் இருந்தார். பக்கத்தில் யாரோ ஒருவர், தன் அண்ணனுக்காகக் காத்திருக்கிறவர், "உங்களுக்கு யாரு உள்ளே?" என்று பேச்சுக் கொடுத்தார். சாதாரணமாக இவர் "நம்ம வீட்டுலதான்" என்று முடித்திருப்பார். அன்று மனைவி என்றார், கழுத்து என்றார், அவள் துணி மடிக்கும் விதம் வரை சொன்னார். கேட்டவர் சற்று மிரண்டு, தேநீர் வாங்கிவருகிறேன் என்று எழுந்துபோனவர், உண்மையாகவே வாங்கிக்கொண்டு வந்தார்.

டாக்டர் வெளியே வந்தபோது தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். கட்டியை எடுத்தாகிவிட்டது. குரல் நரம்போடு ஒட்டியிருந்ததால் நேரமாகிவிட்டது. குரல் திரும்ப நாளாகும், பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு அடுத்த வாரம்.

"நல்லபடியா வருமா?"

"வந்தாதான் தெரியும்."

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு டாக்டர்" என்றார் கல்மூஞ்சி.

வழக்கமாக ஆண்கள் அந்த இடத்தில் எவ்வளவு நாள் படுக்கை, எப்போது வீடு என்று கேட்பார்கள். டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு யாரோ கூப்பிட, டாக்டர் எழுந்து போனார்.

சாயங்காலம் அக்காவை வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய். முகம் வீங்கியிருந்தது. பேச முயலக் கூடாது என்று தாதி சொல்லிவிட்டுப் போனாள். மைத்துனன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஒரு காரணமும் இல்லாமல் போர்வையைச் சரிசெய்துகொண்டேயிருந்தான்.

ஜெப நேரம். முழங்காற்படியிட இடமில்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் முடியும். கல்மூஞ்சி நின்றபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எதிர்க் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமவில்லை.

"ஆண்டவரே, அடுத்த வாரம் வரப்போறது நல்லதா வரணும். அதுதான் எனக்கு வேணும். வேற மாதிரி வந்தா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாது. அப்பவும் உம்மகிட்டதான் வந்து நிப்பேன், அது மட்டும் தெரியும். இவ குரலும் வேணும். என்னைத் திட்ட ஆள் வேணும். ராத்திரி இவளுக்கு வலி தெரியாம தூக்கம் குடும். எனக்கும் கொஞ்சம் குடும்."

அக்காவின் உதடு அசைந்தது. அவர் குனிந்தார். குரல் இல்லை, வெறும் மூச்சுதான் வந்தது. அதில் ஒரு சொல்.

"தண்ணி."

குடிக்கக் கொடுக்கக் கூடாது, உதட்டை நனைக்கலாம் என்று தாதி ஒரு கிண்ணமும் பஞ்சும் கொடுத்தாள். அவர் பஞ்சை நனைத்து, வெடித்திருந்த உதட்டில் மெதுவாக ஒற்றினார். ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்தார்.

அவள் கண்ணைத் திறந்து நேராக அவரைப் பார்த்தாள்.

"இன்னும்" என்றாள்.

அவர் பஞ்சை மறுபடி கிண்ணத்தில் நனைத்தார்.